குப்புறப் படுத்திருந்த பெரியப்பா: நீலகிரியில் கண்ட தீவிர சிகிச்சை

தீபாவளிக்காகக் குன்னூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பயணம் பற்றி எழுதுபவர்கள் சாலை எப்படி, சாப்பாடு எப்படி, எந்த விடுதியில் வெந்நீர் வருகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். நம்மில் பலருக்கு மலைமேல் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நள்ளிரவில் மூச்சு முட்டினால் அங்கே என்ன கிடைக்கும் என்று யாராவது எழுதியிருந்தால் எனக்குப் பெரிதும் உதவியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

பெரியப்பா அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சளி, காய்ச்சல் என்று தொடங்கியது நிமோனியாவாக முற்றிவிட்டது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் கனமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்ததால் கோவைக்குக் கொண்டுபோக வழியில்லை. மலைமேலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். விடிவதற்குள் வெண்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். காலையில் மருத்துவர் வெளியே வந்து, குப்புறப் படுக்க வைக்கப் போவதாகச் சொன்னார். "மூச்சே விட முடியாத மனிதரைக் கவிழ்த்துப் போட்டால் என்ன ஆவது?" என்று பெரியம்மா பதறிவிட்டார்.

நான் பர்மிங்காமில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பெரியம்மாவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மல்லாந்து படுத்திருக்கும்போது இதயமும் வயிறும் நுரையீரலின் பின்பகுதியை அமுக்குகின்றன. சுருங்கிப்போகும் அந்தப் பகுதிக்குத்தான் இரத்தம் நிறையப் போகிறது, காற்றோ போவதில்லை. குப்புறப் படுக்க வைத்தால் அது விரிகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. மல்லாந்தே கிடந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 32.8 சதவீதம், ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம். தீவிர சிகிச்சையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். பெரியப்பாவைக் கவிழ்த்தது சரியான முடிவு, சரியான நேரத்தில் எடுத்த முடிவு.

ஆனால் அதே ஆய்வில் குப்புறப் படுத்தவர்களுக்குப் படுக்கைப்புண் அதிகம் வந்தது. படுக்கைப்புண் என்றால் நமக்கு இடுப்பின் அடியும் குதிகாலும்தான் நினைவுக்கு வரும். கவிழ்ந்து படுத்தால் பாரம் விழும் இடங்களே வேறு: நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு, தாடை, காது மடல், மார்பு, இடுப்பெலும்பின் முன்முனை, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு, முழங்கால், கால்விரல் நுனி. முகத்தில் இந்த இடங்களில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை மிகக் குறைவு. அதன்மேல் வெண்டிலேட்டரின் மூச்சுக் குழாய், அதைக் கட்டிய நாடா, மூக்கில் உணவு செலுத்தும் குழாய். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து ஓடினால் தோலுக்குப் போகும் இரத்தமும் குறைந்துவிடும். மயக்கத்தில் இருப்பவர் வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது, தலையைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது.

பகல்பணியில் இருந்த மூத்த சிஸ்டர், நான் செவிலியர் என்று தெரிந்ததும், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதித்தார். ஐந்து பேர் சேர்ந்தார்கள். சிஸ்டர் தலைமாட்டில் நின்று இரு கைகளாலும் குழாயைப் பிடித்துக்கொண்டார். அவர் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவர்கள் அசைய வேண்டும். அதற்கு முன்பே கண்ணில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டினார்கள், நாக்கு பற்களுக்கு வெளியே நிற்கவில்லை என்று பார்த்தார்கள். உடலுக்கு மேலும் கீழும் விரிப்பு. இரண்டின் ஓரங்களையும் சேர்த்து உடலை ஒட்டி இறுக்கிச் சுருட்டினார்கள். முதலில் படுக்கையின் ஓரத்துக்கு இழுத்து, பிறகு ஒருக்களித்து, பிறகு கவிழ்த்தார்கள். மார்பில் இருந்த மானிட்டர் ஒட்டிகள் முதுகுக்குப் போயின. மார்பில் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு புண்ணாகியிருக்கும். கன்னத்துக்கும் தாடைக்கும் முழங்காலுக்கும் மெத்தென்ற சிலிக்கான் ஒட்டுப்பஞ்சு. கணுக்காலுக்கு மேலே தலையணை வைத்து, கால்விரல்கள் படுக்கையில் படாமல் தொங்கவிட்டார்கள். நீந்துபவரைப் போல ஒரு கை மேலே, முகம் அந்தப் பக்கம். மற்றக் கை உடலோடு. முகம் வீங்காமல் இருக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் இதைவிட நன்றாக யாரும் செய்து பார்த்ததில்லை.

அந்த சிஸ்டரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, தோலைப் பார்த்த விதம். சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தியும் வெளுக்காமல் இருக்கிறதா என்பதுதான் பாடப்புத்தகம் சொல்லும் முதல் அடையாளம். தோட்டத்து வெயிலில் ஆயுள் முழுக்க நின்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. கையுறை விரலால் தாடையையும் கன்னத்தையும் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்.

மலைக்கே உரிய ஒரு சிக்கலையும் அங்கேதான் கண்டேன். ஐப்பசி மழையில் குன்னூரில் துணி காயாது. ஈர விரிப்பின்மேல் கிடக்கும் தோல் ஊறி, சீக்கிரம் உரிந்துவிடும். அந்த சிஸ்டர் ஒவ்வொரு விரிப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினார். ஜில்லென்று இருந்ததைத் திருப்பி அனுப்பினார். குளிருக்காக உறவினர்கள் கொடுத்தனுப்பும் கம்பளியை மேலே மட்டும் போர்த்தினார், அடியில் ஒரு மடிப்புக்கும் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பெரியப்பாவின் தாடையில் புண் வந்தது. நான் வருத்தப்பட்டதும் கோபப்பட்டதும் இதற்குத்தான். தலையை இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபக்கம் திருப்ப வேண்டும், கைகளையும் மாற்ற வேண்டும். பகல் பதிவேட்டில் எல்லாம் எழுதியிருந்தது. இரவுப் பதிவேட்டில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. இரவில் அந்தப் பிரிவு முழுவதற்கும் இரண்டே செவிலியர்கள். குழாயைப் பிடிக்க ஒருவர், தலையைத் தூக்க ஒருவர், கையை மாற்ற ஒருவர் என்று மூன்று பேராவது வேண்டிய வேலை. இரண்டு பேர் அதைச் செய்யப் போய்க் குழாய் கழன்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் பயந்து தொடாமல் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். இரவுக்கு ஆள் போடாத நிர்வாகத்தைச் சொல்வேன், சொல்லவும் செய்தேன்; எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். உயிரைக் காப்பாற்றும் சிகிச்சையை 16 மணி நேரம் தொடர்வது என்று முடிவெடுத்தால், அந்த 16 மணி நேரத்துக்கும் கைகள் வேண்டும்.

இன்னொரு குறை, குடும்பத்தாரிடம் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லாதது. மல்லாத்திய பிறகு பார்க்க அனுமதித்தபோது, பெரியப்பாவின் முகம் வீங்கி, உதடு தடித்து, அடையாளமே தெரியாமல் இருந்தது. யாரோ அடித்துவிட்டார்கள் என்றே அண்ணன் நினைத்துச் சத்தம் போட்டுவிட்டார். இந்த வீக்கம் வரும், பெரும்பாலும் தானே வடிந்துவிடும் என்று நுழைவாயிலில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

நம் பக்கத்துப் பழக்கங்களையும் சொல்ல வேண்டும். அத்தை தேங்காய் எண்ணெயும் பவுடரும் கொண்டுவந்து, கன்றிய இடத்தைத் தேய்த்துவிடச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அடியில் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் சதையைத் தேய்த்தால் மேலும் கிழியும். கன்றிய இடத்தைத் தேய்க்கவே கூடாது. அதன்மேல் பாரம் விழாமல் பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம், தண்ணீர் நிரப்பிய கையுறை இரண்டும் வேண்டாம். வளையம் தன் விளிம்பில் அழுத்திச் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தையே தடுக்கிறது.

பெரியப்பா பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு தாடைப் புண் மெல்ல ஆறியது. வெகுநாள் கிடந்ததில் இடுப்பும் குதிகாலும் இப்போது கவலை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தார். 2021-ல் தொடங்கிய இந்தத் திட்டம், பஸ் வசதி குறைந்த தோட்டத்து லைன் வீட்டு வாசல் வரை வருவதை நேரில் பார்த்து மனம் நிறைந்தது. முட்டை, பயறு, பால் என்று புரதம் கூட்டிக் கொடுக்கச் சொன்னதும் அந்த பிசியோதெரபிஸ்ட்தான்.

அண்ணன் வாடகைக்கு எடுத்த மின்சாரக் காற்றுப் படுக்கை மட்டும் சரிப்படவில்லை. காற்றடித்து மரம் விழுந்தால் எங்கள் பக்கம் மணிக்கணக்கில் மின்சாரம் இருக்காது. பம்ப் நின்று காற்று இறங்கிவிட்டால் கீழே பலகைதான். திருப்பிக் கொடுத்துவிட்டு, அடர்த்தியான நல்ல நுரை மெத்தை வாங்கினோம். மலைமேல் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

வெளிநாட்டிலிருந்து ஊர் மருத்துவமனைக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர் பொறித்த பெரிய இயந்திரம் வேண்டாம். செவிலியர் கண்காணிப்பாளரைப் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள். நான் கேட்டபோது அவர் சொன்னவை இரண்டு: துணி உலர்த்தும் இயந்திரம், முகத்துக்கு ஒட்டும் சிலிக்கான் பஞ்சு. பஞ்சுக்கு நானும் என்னுடன் வேலை செய்யும் தமிழ்ச் செவிலியர்களும் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். உலர்த்தும் இயந்திரத்துக்கு இன்னும் ஆள் தேவை.