பக்கவாதப் பயிற்சியில் நோயாளி யார்: நடிப்பவரா, பொம்மையா, கணினித் திரையா?

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று மருத்துவமனைகள் தங்களையே அளந்துகொள்வது அதனால்தான். அந்த நிமிடங்களைக் குறைக்க டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஊழியர், ஸ்கேன் டெக்னீஷியன் எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகைக்கு ஒரு நோயாளி வேண்டும். நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், கணினி இயக்கும் பொம்மை, திரையில் தெரியும் மெய்நிகர் நோயாளி என மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தில் வேரூன்றியவை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் ஒரு பெண்ணுக்குக் கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, மாணவர்களைப் பரிசோதிக்கச் சொன்னார். பாரோஸ் நரம்பியல் மருத்துவர் என்பதைக் கவனிக்க வேண்டும். நரம்பு நோயின் அறிகுறிகளை மனித உடலால் நடித்துக் காட்ட முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதே பத்தாண்டிலேயே அங்கே ‘சிம் ஒன்’ என்ற கணினிப் பொம்மையும் உருவானது. அது மயக்க மருத்துவர்களுக்காகச் செய்யப்பட்டது. மூச்சுக்குழாயில் குழாய் செருகப் பழகுவதே அதன் முதல் வேலை. இரண்டின் பலமும் பலவீனமும் இன்றுவரை அந்தப் பிறப்பை ஒட்டியே இருக்கின்றன.

பக்கவாதத்தில் முதல் அரை மணி நேரம் முழுக்கப் பேச்சும் கவனிப்பும்தான். கையைத் தூக்கச் சொல்லிப் பத்து விநாடி எண்ண வேண்டும், அது தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருளைக் காட்டிப் பெயர் கேட்க வேண்டும். நடிப்பவரால் இதையெல்லாம் செய்ய முடியும். சொன்னது புரிந்தும் வார்த்தை வராமல் தவிக்கும் முகம் எந்தப் பொம்மைக்கும் வராது. ஆனால் அவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வலது கை கால் விழுந்து பேச்சும் போனால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். இடது பக்கம் விழுந்தவராக நடித்தால் அந்தப் பக்கம் நிற்பவரைத் திரும்பியே பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும். இரண்டையும் குழப்பிவிட்டால் குழு தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

என் பார்வையில் இதைவிட முக்கியமானவர் நோயாளியோடு வரும் உறவினர். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் ஊசி போடலாமா என்ற முடிவே தொடங்குகிறது. வழக்கமான கெடு நாலரை மணி நேரம். “காலைல எழுந்திரிக்கும்போதே கை வரலை” என்று மனைவியாக நடிப்பவர் சொன்னால் கணக்கு முந்தைய இரவிலிருந்து ஓடும். “விடியக்காலைல ஒருதரம் எழுந்து பாத்ரூம் போனார், அப்ப நல்லாத்தான் நடந்தார்” என்பதை யாராவது கேட்டால் மட்டுமே அவர் சொல்ல வேண்டும். “ஹார்ட்டுக்கு ஏதோ மாத்திரை சாப்பிடறார், பேர் தெரியாது” என்பதும் அப்படித்தான். அது ரத்தத்தை இளக்கும் மாத்திரையாக இருந்தால் முடிவே மாறும். பதறிப்போய் நிற்கும் ஒருவரிடமிருந்து இதை வாங்கக் கற்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நடிப்பவரால் முடியாததும் உண்டு. ரத்த அழுத்தத்தை 210-க்கு ஏற்றவோ, ஒரு கண்ணின் பாவையை மட்டும் விரியவைக்கவோ யாராலும் முடியாது. அழுத்தம் 185/110-க்குக் கீழே வராமல் ஊசி போடக்கூடாது என்பதைப் பழக்க, பக்கத்தில் டேப்லெட் ஒன்றை மானிட்டராக வைத்து எண்ணை மாற்றினால் போதும்.

பொம்மை அவசியமாகும் கட்டம் ஊசிக்குப் பிறகு வருகிறது. நாக்கு வீங்கி மூச்சடைப்பது, மூளையில் ரத்தக் கசிவால் நினைவு மங்குவது, வலிப்பு, அவசரமாகச் சுவாசக் குழாய் செருகுவது எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. முதல் அரை மணி நேரப் பயிற்சிக்கு விலையுயர்ந்த பொம்மை வாங்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முகம் கோணாத, கை தாழாத நோயாளியைச் சுற்றி நின்றுகொண்டு, “வலது கை விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று பயிற்றுநர் சொல்லவேண்டி வருகிறது.

திரை நோயாளி மலிவு. பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண்ணை (0 முதல் 42 வரை) வீடியோ பார்த்துத் தனியாகப் பழக நல்லது. குழுவாக வேலை செய்ய அது கற்றுத்தராது.

எங்கே ஒத்திகை என்பதும் யாரோடு என்பதற்குக் குறையாத கேள்வி. நார்வேயின் ஸ்டாவாங்கர் பல்கலைக்கழக மருத்துவமனை 2017-இல் நடைமுறையை மாற்றியெழுதி, வாரந்தோறும் குழு ஒத்திகையும் தொடங்கியது. வாசலிலிருந்து ஊசிவரை அதற்குமுன் 27 நிமிடமாக இருந்த இடைநிலை நேரம் 13 ஆனது. முழுப் பெருமையையும் ஒத்திகைக்கே கொடுக்க முடியாது, நடைமுறையும் மாறியிருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சின்கி மருத்துவமனை 1998-இல் இருந்த 105 நிமிடத்தை 2011-க்குள் 20-ஆகக் குறைத்தது, ஆம்புலன்ஸிலிருந்தே முன்தகவல், நேராக ஸ்கேன் அறைக்கு, அங்கேயே ஊசி என்று வழியை மாற்றித்தான். ஆனாலும் தாளில் எழுதிய வழி இரவுப் பணிக் குழுவின் கைக்கு வரவேண்டுமே, அதற்கு ஒத்திகை வேண்டும். அதுவும் தினமும் வேலை செய்யும் கேசுவாலிட்டியிலேயே நடக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் மாட்டுவதும், மருந்து வேறு மாடியில் இருப்பதும் பயிற்சிக்கூடத்தில் தெரியவே தெரியாது.

பணம் குறைவாக உள்ள மருத்துவமனைக்கு என் தேர்வு இதுதான்: நடிப்பவர் ஒருவர், உறவினர் ஒருவர், ஒரு டேப்லெட், உண்மையான கேசுவாலிட்டி. ஸ்கேன் மேசைவரை நடிப்பவரைக் கொண்டுபோகலாம், கதிர் பாய்ச்சக்கூடாது, பழைய படத்தைக் காட்டினால் போதும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தான அல்டிப்ளேஸின் அளவை அவருடைய உண்மையான எடைக்கே கணக்கிடச் சொல்லுங்கள்: 70 கிலோ என்றால் 63 மில்லிகிராம், அதில் 6.3 உடனே, மீதி 56.7 ஒரு மணி நேரத்தில். சிரிஞ்சில் வெறும் சலைன், மேலே ‘பயிற்சிக்கு மட்டும்’ என்ற சீட்டு, ஊசியை அவர்மேல் குத்தாமல் கட்டிவைத்த ரப்பர் கையில். நிஜ நோயாளி உள்ளே வந்தால் யார் வேண்டுமானாலும் ஒத்திகையை நிறுத்தலாம் என்பதைத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.