கையெழுத்தா, காத்திருப்பா?

அமெரிக்க ஆல்ஸ்டார் சியர்லீடிங்கில் (தனியார் ஜிம்கள் அணி அமைத்து மோதும், ஆளை மேலே தூக்கி நிறுத்தும் சாகச ஆட்டம்) சீசன் நடுவே ஜிம் மாறும் பிள்ளையை எப்படி விடுவிப்பது? பழைய ஜிம்மின் கையெழுத்து கட்டாயம் என்பது ஒரு வழி. நியாயம் இல்லாமல் இல்லை: மேலே ஏறும் ஃப்ளையர் ஒருத்தி போய்விட்டால், தாங்கும் இரண்டு பேஸும் பின்னால் நிற்பவரும் வெறுங்கையோடு நிற்பார்கள், ரொட்டீனையே, அதாவது முழு ஆட்ட வரிசையையே, மாற்றவேண்டும். ஆனால் கட்டணப் பாக்கி என்று சொல்லி இழுத்தடித்தால், பெரியவர்கள் சண்டையில் மாட்டுவது பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

இன்னொரு வழி, போட்டியில் இறங்காமல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தால் கையெழுத்து இல்லாமலே தானாக விடுதலை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கூட, வீரர் கல்லூரி மாறப் பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும் என்பதை 2018இலேயே விட்டுவிட்டு, தகவல் சொன்னால் போதும் என்றது. என் ஓட்டு இதற்குத்தான். ஏப்ரல் உலகப் போட்டி நெருங்கும்போது மாறுவதை வேண்டுமானால் தடுக்கலாம். பாக்கியா? அதைப் பெற்றோரிடம் தனியே வசூலிக்கட்டும்.