சப்போர்ட் டிக்கெட்டுக்கு '777 போடுங்கள்' என்று பதில் வந்தால் உஷாராகுங்கள்

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல வாடிக்கையாளர்களின் தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் முறை) சர்வர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாற்றுங்கள். "மைக்ரேஷன் இலவசம்" என்று சொன்ன ஒரு நிறுவனம் வேர்ட்பிரஸ் தளம் ஒன்றைப் புது சர்வருக்குக் கொண்டுவந்து கொடுத்தது. தளம் திறந்தது. ஆனால் படம் ஏறவில்லை, பிளகின் அப்டேட் ஆகவில்லை, ஃபைல் மேனேஜரில் எதையும் அழிக்க முடியவில்லை.

லினக்ஸில் ஒரு ஃபைலின் ஓனர் எண்ணாகத்தான் பதிவாகிறார். பேக்கப்பை ரூட்டாக (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) விரிக்கும்போது பழைய யூசர்பெயர் புது சர்வரில் இல்லையென்றால் பழைய எண் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். இங்கே வந்தது 1007. புது அக்கவுண்டின் எண்ணோ 1032. அந்த சர்வரில் 1007 வேறொரு வாடிக்கையாளர். தளம் முழுக்க அடுத்தவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போட்டதும் "பெர்மிஷனை 777 ஆக்குங்கள்" என்று பதில். பெர்மிஷன் என்பது ஒரு ஃபைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி; அதை எண்ணால் குறிப்பார்கள். ஓனராக இல்லாதவரால் பெர்மிஷனையும் மாற்ற முடியாது. அது மறுபடியும் எரர்தான் கொடுத்தது. கடைசியில் சப்போர்ட்டே ரூட்டில் நுழைந்து எல்லாவற்றுக்கும் 777 போட்டு டிக்கெட்டை மூடிவிட்டது. ரூட்டில் இருந்தவருக்கு ஓனரை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். அதைச் செய்யாதது மன்னிக்கவே முடியாத வேலை. 777 என்றால் அதே சர்வரில் இருக்கும் யாரும் எழுதலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைலையும் படிக்கலாம். சில நாளில் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி ஃபைல் முளைத்தது. அதன் ஓனர் எண் 1007-ம் இல்லை, 1032-ம் இல்லை.

மைக்ரேஷன் முடிந்த அன்றே இதைப் பார்த்துவிடுங்கள்: ஒரு காலி ஃபைலை அப்லோட் செய்து, ஃபைல்ஜில்லாவில் (ஃபைல்களை ஏற்றி இறக்கும் எஃப்டிபி மென்பொருள்) ஓனர்/குரூப் பத்தியில் அதன் ஓனர் யார் என்று பாருங்கள். மற்ற ஃபைல்களும் அதே ஓனரிடம் இருக்க வேண்டும்.

மாறியிருந்தால் டிக்கெட்டில் "பெர்மிஷன் பிரச்சினை" என்று எழுதாதீர்கள், "ஓனர்ஷிப் தவறு, என் யூசருக்கு மாற்றுங்கள்" என்று எழுதுங்கள். சிபேனல் (ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல்) சர்வர் என்றால் தளத்தின் ஃபைல்கள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரின் குரூப் மட்டும் பெரும்பாலும் 'நோபடி' (வெப் சர்வரின் குரூப்) என்றுதான் இருக்கும். அதையும் சேர்த்து மாற்றிவிட்டால் தளம் 403 (அனுமதி இல்லை) எரர் காட்டும்.

சப்போர்ட் இழுத்தடித்தால் ஒரு வழி இருக்கிறது. வெளி ஃபோல்டர் உங்களுடையது, உள்ளே இருப்பதைப் படிக்க முடிகிறது என்றால், சிக்கலான ஃபோல்டரைக் காப்பி எடுங்கள். காப்பி உங்கள் பெயரில் உருவாகும். பழையதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு காப்பியை அந்த இடத்தில் வையுங்கள். பழையதை அழிக்க மட்டும் சப்போர்ட் தேவைப்படும். ஓனர் திருத்தியதும் டிஸ்க் கோட்டாவில் பயன்படுத்திய இடம் திடீரென ஏறினால் பதறாதீர்கள். கோட்டா பல இடங்களில் ஓனரை வைத்தே கணக்காகிறது.

777 ஏற்கெனவே விழுந்திருந்தால் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 (இரண்டிலும் எழுதும் உரிமை ஓனருக்கு மட்டும்) என்று தனித்தனியாகப் போடுங்கள். ஃபோல்டருக்கு 644 போட்டால் உள்ளே நுழையவே முடியாது. பிஎச்பி உங்கள் யூசராகவே ஓடினால் கான்ஃபிக் ஃபைலுக்கு 600 (ஓனர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்). டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் வேர்ட்பிரஸ் சால்ட் கீகளையும் (லாகினைப் பாதுகாக்கும் ரகசிய எழுத்துச் சரங்கள்) உடனே மாற்றுங்கள்.

மைக்ரேஷனுக்காகக் கொடுத்த எஃப்டிபி அக்கவுண்டையும் நீக்குங்கள். மெயின் பாஸ்வேர்டை மாற்றினாலும் அது உயிரோடுதான் இருக்கும். நீக்கும்போது ஃபைல்களையும் சேர்த்து அழிக்கும் ஆப்ஷனைத் தொடாதீர்கள். அந்த அக்கவுண்ட் பப்ளிக்_எச்டிஎம்எல்லை நோக்கி இருந்தால் தளமே போய்விடும்.