மதுரைக் குன்றுகளுக்கு டயர் செருப்பு

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒருநாள் நடைக்குப் போக என்ன காலணி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பழைய லாரி டயரை அறுத்துச் செய்யும் டயர் செருப்பு. ஆடு மேய்ப்பவர்களும் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் காலங்காலமாகப் போட்டு நடப்பது. மதுரைக்குக் கிழக்கே ஒரு வாரச் சந்தையில் பெரியவர் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்கினேன். விலை 350 ரூபாய். சென்ற கோடையிலிருந்து விடுமுறை நாட்களில் மலைக்கும், மற்ற நாட்களில் காய்கறிக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் இதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வேறு செருப்பு. சேலைக் கரையில் இதன் வார் உரசி நூலைப் பிரிக்கிறது.

முதலில் இந்தப் பக்கத்து மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டியின் கழிஞ்சமலை எல்லாமே பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். அடிவாரத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும். அதைத் தாண்டினால் சறுக்குப் பாறை. பாறை இடுக்குகளில் கோரைப்புல்லும் உதிர்ந்த சரளையும். ஆக, காலணி மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும். முள் ஏறக்கூடாது, பாறையில் வழுக்கக்கூடாது, சூடு தெரியக்கூடாது.

முள்ளில்தான் டயர் செருப்பு தன்னை நிரூபித்தது. கருவேல முள் விரல் நீளத்துக்கு வளரும், காய்ந்துவிட்டால் ஆணியேதான். வீட்டில் போடும் ரப்பர் செருப்பை அது ஒரே மிதியில் துளைத்துக் குதிகாலில் இறங்கிவிடும். டயரில் அது நடக்காது. ரப்பருக்குள்ளே நைலான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்த அடுக்குகளாகப் பதிந்திருக்கின்றன. முள் ரப்பரைக் கடந்தாலும் இழையில் முட்டி முனை ஒடிகிறது. சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியிலிருந்து திரும்பியதும் செருப்பைக் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். அடிப்பக்கம் முழுக்க ஒடிந்த முள் முனைகள் கறுப்புப் புள்ளிகளாகப் பதிந்திருக்கும். ஊக்கினால் கிளறி எடுத்துவிடுகிறேன். ஒன்றுகூட மேற்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

செய்யும் விதத்தை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் பழைய லாரி டயரின் ஒரு துண்டைக் காலுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தகரக் குவளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தார். நனையாத கத்தி ரப்பரில் கவ்விக்கொண்டு நகராது; ஈரக் கத்தி வழுகி இறங்குகிறது. என் காலைத் துண்டின்மேல் வைக்கச் சொல்லிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுத்தார். கோட்டுக்கு வெளியே சுண்டுவிரல் பக்கம் மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டு அறுத்தார். பாறையில் பக்கவாட்டாகக் கால் வைக்கும்போது அந்த விரல்தான் இடிபடும் என்றார். அடிப்பாகத்தின்மேல் மெல்லிய இன்னொரு அடுக்கு, அதன்மேல் டியூபிலிருந்து வெட்டிய வார்கள். மூன்று கால் இரும்புக் கட்டையில் செருப்பைக் கவிழ்த்து அடித்த ஆணிகள், முனை இரும்பில் மோதி மடங்கி ரப்பருக்குள்ளேயே புதைந்தன. கடைசியில் உள்பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடித்தார். இந்த ஒரு செயலுக்காகவே அவர் கேட்ட விலையை நான் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

"தாயி, முன்வாரைக் கொஞ்சம் தளர்வாகவே விடுகிறேன். வெயில் ஏற ஏறக் கால் வீங்கும்" என்றார். அது உண்மை. காலையில் சற்றுத் தொளதொளவென்று இருப்பது, மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் அளவெடுத்ததுபோல் பொருந்திவிடுகிறது.

டயரில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போது கார்களிலும் ஏராளமான லாரிகளிலும் ரேடியல் டயர்தான் ஓடுகிறது. அதில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். அந்த டயரில் செய்தால் விளிம்பில் கம்பி முனை பிதுங்கிக் காலைக் கிழிக்கும். நைலான் அடுக்கு மட்டும் உள்ள பழைய வகை டயர்தான் செருப்புக்கு ஏற்றது. அது வரவரக் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று பெரியவர் வருத்தப்பட்டார். வாங்கும்போது வெட்டு விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வெளுத்த நூல் முனைகள் தெரிந்தால் நல்லது, உலோகப் பளபளப்புத் தெரிந்தால் வேண்டாம். நூல் நாளடைவில் பிரிந்து தொங்கும். தீக்குச்சியைக் கொளுத்தி விளிம்பில் ஓட்டினால் நைலான் உருகி அடைத்துக்கொள்ளும்.

பாறைப் பிடிப்பைச் சோதிக்கச் சமணர்மலையைவிட நல்ல இடம் இல்லை. அடிவாரத்து அய்யனார் கோயிலைத் தாண்டி, பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறைச் சுவரில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து. படிகள் பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்டன. காய்ந்த பாறையில் டயர் அப்படியே ஒட்டி நிற்கிறது. மேலே போகப் போகச் சரிவு கூடும் இடத்திலும் பாதம் முழுவதும் படிந்து நிற்க முடிகிறது. இறங்கும்போது முட்டிக்குக் கொஞ்சம் அதிர்வு தெரியும்; மெத்தென்ற அடுக்கு எதுவும் இதில் இல்லை. ஈரப் பாறையில் கதை வேறு. சுனை ஓரத்துப் பாசியில் எந்த ரப்பரும் நிற்காது, இதுவும் நிற்காது. மழை பெய்த மறுநாள் நான் பாறை ஏறுவதில்லை.

சூட்டைப் பொறுத்தவரை முழு மதிப்பெண் கொடுக்கிறேன். சித்திரை வெயிலில் பத்து மணிக்கே பாறை கொதிக்கும். அந்தச் சூடு இந்தக் கனத்தைத் தாண்டி வருவதில்லை. ஆனால் கழற்றி வெயிலில் விட்டால் கறுப்பு ரப்பர் அடுப்புக்கல்லாகிவிடும். அய்யனார் கோயிலில் செருப்பை ஆலமர நிழலில் விட்டுவிட்டுப் போங்கள்.

கணுக்கால் வரை மூடும் மலையேற்றக் காலணி ஒன்றும் என்னிடம் இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதைப்போலப் பத்து மடங்கு விலை. அலமாரியில் மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்ததில் அதன் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. பாலியூரித்தேன் என்ற பொருளுக்கு ஈரக்காற்று ஆகாது. போட்டாலும் போடாவிட்டாலும் அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும். லாரி டயர் வெயிலிலும் சேற்றிலும் பாரத்தோடு ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் கலந்திருக்கும் கரித்தூள் வெயிலையும் தேய்மானத்தையும் தாங்க வைக்கிறது. சரளை விஷயத்திலும் எனக்குச் செருப்புதான் உசத்தி. மூடிய காலணிக்குள் கல் புகுந்தால் உட்கார்ந்து கழற்ற வேண்டும். இதில் புகுந்த கல் அடுத்த எட்டிலேயே வெளியேறிவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கனம் அதிகம், ஒரு ஜோடி ஏறக்குறைய ஒரு கிலோ. முதல் வாரம் பெருவிரல் பக்கம் வார் உராய்ந்து கொப்புளம் போட்டது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி வாரைப் பதப்படுத்திய பிறகுதான் பழகியது. புது ரப்பர் வாடை வீட்டுக்குள் வைக்க விடாது. விரல்களுக்கு முன்னால் பாதுகாப்பு எதுவும் இல்லை. காட்டு மலைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். வனத்துறை 2024இல் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு என்ற மலையேற்றத் திட்டத்தில் அட்டைப்பூச்சியும் சருகுக் குவியலும் உள்ள சோலைப் பாதைகள் இருக்கின்றன. அங்கே காலை மூடும் காலணியும் நீளக் காலுறையும் தேவை.

எனக்குப் பிடித்த நடை அரிட்டாபட்டி. ஊர்க் கண்மாய்க் கரையில் தொடங்கி, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலைப் பார்த்துவிட்டு, தமிழி என்னும் தமிழ் பிராமி எழுத்து வெட்டிய கழிஞ்சமலைக் குகைத்தளம் வரை போவேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. பாறை முகடுகளில் வல்லூறுகள் வட்டமிடும். 2024 இறுதியில் இதைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி கேட்டு நான் தூங்காத இரவுகள் உண்டு. அதை எதிர்த்து மேலூர்ப் பக்கத்து ஊர்மக்கள் மதுரையை நோக்கி நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. நான் இன்றைக்கும் அங்கே போய் நடக்க முடிகிறது என்றால் அந்த மக்கள் நடந்த நடையால்தான். பாறையில் பெயர் கிறுக்குகிறவர்களையும் பிளாஸ்டிக் பையை வீசிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

உடன் எடுத்துப் போவதற்கும் பெரிய சாமான் எதுவும் தேவைப்படுவதில்லை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், வாழை இலையில் கட்டிய புளியோதரை, தலையில் கட்ட ஒரு ஈரிழைத் துண்டு, தோளில் துணிப்பை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஆயத்தமாகத் தொங்கவிட்டிருக்கும் ஜோடியை எடுக்காதீர்கள், அளவு கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். பின்வார் வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் கால் முன்னே வழுகும். கையோடு உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிடுங்கள். வார் அறுந்தால் அவரே மாற்றித் தருகிறார், எனக்கு 30 ரூபாய் ஆனது. சந்தை நாளில் பத்து மணிக்கு முன்னால் போனால் அன்றே கையில் கிடைக்கும். அதற்குமேல் போனால் அளவு கொடுத்துவிட்டு அடுத்த சந்தைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.