நேர வங்கியா, லெட்ஸா, மாற்றாளா?

காசில்லாமல் அக்கம்பக்கத்தார் வேலையைப் பரிமாறிக்கொள்ளக் கணக்கு வைக்கும் முறைகளில் பரவலானவை இரண்டு. நேர வங்கியில் எந்த வேலையானாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரவு. ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா 1973இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் பரப்பியவர் எட்கர் கான். லெட்ஸ் (LETS) என்னும் உள்ளூர்ப் பரிமாற்ற முறை, கனடாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லிண்டன் 1983இல் தொடங்கியது. அங்கே அலகு 'பச்சை டாலர்'. மதிப்பு கனடா டாலரோடு சமம். ஒரு வேலைக்கு எத்தனை என்பதை செய்பவரும் பெறுபவரும் பேசி முடிவு செய்வார்கள்.

இரண்டிலும் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள், வட்டி கிடையாது. ஒருவருக்கு ஏறும் வரவு இன்னொருவருக்குப் பற்று என்பதால் எல்லாக் கணக்கையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வேலை ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கிறது. மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஆறு மாதம் விட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

வேறுபாடு விலையில்தான். நேர வங்கியில் எலக்ட்ரீஷியனின் ஒரு மணியும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் ஒரு மணியும் ஒன்று. கைத்தொழில்காரர் முதலில் விலகுவது இதனால்தான். லெட்ஸில் அவர் கூடுதலாகக் கேட்கலாம், ஒயர், பெயின்ட் செலவைப் பணமாகவும் கூலியைப் பச்சை டாலராகவும் பிரித்து வாங்கலாம். ஆனால் பேரம் திரும்ப வந்துவிடும். பேச்சுத்துணை மட்டுமே தர முடிந்த முதியவர் பற்றிலேயே தங்கிவிடுவார்.

கெட்டுப்போகும் விதமும் வேறு. லெட்ஸில் ஒருவர் பெரிய பற்றோடு ஊரைவிட்டுப் போனால், மற்றவர்கள் கையிலிருக்கும் வரவில் அந்த அளவுக்கு வேலை செய்ய ஆளில்லை. நேர வங்கியிலோ உதவி செய்ய வருபவர் அதிகம், கேட்க வருபவர் குறைவு, கூச்சம். வரவு குவிந்து கிடக்கும். அதனால் பற்றுக்கு மட்டுமில்லை, வரவுக்கும் உச்சவரம்பு வேண்டும். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரில் முதுமைக்காக மணிகளைச் சேமிக்கலாம், அதற்கும் 750 மணி வரம்பு உண்டு. பின்னால் நகராட்சியின் உத்தரவாதம் நிற்கிறது. அந்த உத்தரவாதம் இல்லாத சின்னக் குழு அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது.

நம் வயல்களில் நடவுக்கும் களைக்கும் இருந்த மாற்றாள் முறைக்கு, அதாவது இன்று என் வயலில் நீ, நாளை உன் வயலில் நான் என்பதற்கு, கணக்கு ஏடே தேவைப்படவில்லை. ஒரே வேலை, ஒரே பருவம், இரண்டே தரப்பு. மழை பெய்து எல்லோருக்கும் ஒரே நாளில் ஆள் தேவைப்பட்டால் திணறும். முதலாமவர் இரண்டாமவருக்கும் இரண்டாமவர் மூன்றாமவருக்கும் செய்வது என்றானதும் ஏடில்லாமல் முடியாது.

வரியையும் பாருங்கள். 2017ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சட்டம் தொழில் நிமித்தமான பண்டமாற்றையும் விற்பனையைப் போலவே 'வழங்கல்' (supply) என்று கொள்கிறது. பதிவு பெற்ற ஒருவர் தன் தொழிலையே லெட்ஸில் செய்தால் ரூபாய் கைமாறவில்லை என்பது காரணமாகாது.

ஐம்பது வீடுள்ள அடுக்ககத்துக்கு எங்கள் பரிந்துரை நேர வங்கி. நேரத்தைக் கால் மணி நேரக் கணக்கில் முழுதாக்கிப் பதியுங்கள். பயண நேரம் சேருமா என்பதை வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். பொருட்செலவு எப்போதும் ரொக்கம். வரவு, பற்று இரண்டுக்கும் பத்து மணி நேர வரம்பு போதும். யாருக்கு எது தேவை என்று போன் செய்து இணைக்க ஒருவர் வேண்டும், அவருக்கும் மணி வரவு வையுங்கள். வாடகைக் குடித்தனம் அதிகமென்றால், காலி செய்யும் மாதத்தில் பற்றை வேலையாகத் தீர்க்க வேண்டும் என்பதைச் சேரும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.