யூட்டா கவுன்டியின் ஸூம் கல்யாணம்: சான்றிதழை எங்கே காட்டப் போகிறீர்கள்?

மணமக்கள் இருவரும் ஆளுக்கொரு நாட்டில் இருந்தபடியே சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்லப்படும் பெயர் அமெரிக்காவின் யூட்டா கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கவுன்டியின் கிளார்க் அலுவலகம், கொரோனா பரவிய 2020-ல் லைசென்ஸ் (திருமணத்துக்கான முன் அனுமதி), திருமணம், சான்றிதழ் மூன்றையும் இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கும் ஆளுநரின் அவசர ஆணையால் காணொளித் திருமணத்தை அனுமதித்தது. ஆனால் நெருக்கடி முடிந்ததும் நிறுத்திக்கொண்டது. யூட்டா நிறுத்தவில்லை.

சேவை என்ற அளவில் இது மிக நன்றாக இருக்கிறது. சிக்கல் முழுவதும் அதற்குப் பிறகுதான். கையில் கிடைக்கும் சான்றிதழ் யூட்டாவில் முழுமையாகச் செல்லும். மற்ற இடங்களில் அது செல்லுமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும். விசாவுக்கா, பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கவா, துபாயில் குடும்ப விசாவுக்கா என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

நடைமுறை எளிது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடியுரிமை எதுவானாலும் சரி. யூட்டாவில் வசிக்க வேண்டியதும் இல்லை. கவுன்டியின் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, பாஸ்போர்ட் போன்ற அரசு அடையாள அட்டையைக் கொண்டு ஆளைச் சரிபார்க்க வேண்டும். லைசென்ஸ் வந்தபின் காத்திருப்புக் காலம் கிடையாது. ஆனால் 32 நாட்களுக்குள் திருமணம் நடந்தாக வேண்டும், இல்லையேல் காலாவதியாகிவிடும். திருமண நேரத்தில் மணமக்களோடு 18 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகளும் இணைப்பில் இருக்க வேண்டும். கவுன்டி அலுவலர் அடையாளத்தைப் பார்த்து, இருவரிடமும் சம்மதம் கேட்டு, கணவன் மனைவி என்று அறிவிப்பார். உங்களுக்குத் தெரிந்த போதகரையோ வேறு ஒருவரையோ வைத்து நடத்துவதைவிட கவுன்டி அலுவலரிடமே விடுவது நல்லது. நடத்தி வைத்தவருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி பின்னால் எழாது.

பெரும்பாலான தவறுகள் விண்ணப்பத்தில்தான் நேர்கின்றன, அதிலும் தமிழர்களுக்கு. படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று தனித்தனியாகக் கேட்கும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் ‘ஆர். கவிதா’, ஆதாரில் ‘கவிதா ராமசாமி’, பாஸ்போர்ட்டில் வெறும் ‘கவிதா’ என்று இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ளதை மட்டுமே எழுத வேண்டும். குடும்பப்பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபிறகே சமர்ப்பிக்கவும். இருவரின் பெற்றோர் பெயர்கள், அவர்கள் பிறந்த ஊர்கள், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் ஆகியவையும் கேட்கப்படும். நம் அம்மாக்களுக்கு முந்தைய பெயர் என்பது அவர்களுடைய அப்பா பெயரோடு சேர்ந்தது. அதை ஊகித்து நிரப்பாமல், இருக்கும் ஆவணத்தைப் பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்துப் பிழையானாலும் சான்றிதழைத் திருத்தி, மறுபடி அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசு முத்திரை) வாங்குவது வரை அலைச்சல்தான்.

நேரத்திலும் கவனம் வேண்டும். யூட்டாவில் கோடை நேரம் அமலில் இருக்கும்போது காலை 9 மணி என்றால் சென்னையில் அன்றிரவு 8.30. குளிர்காலத்தில் அதே 9 மணி இங்கே இரவு 9.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும் நாட்கள். அந்த வாரங்களில் நேரம் பதிவு செய்பவர்கள் ஒரு மணி நேரம் தவறவிட வாய்ப்பு உண்டு. சாட்சிகளுக்கும் இந்திய நேரத்தைக் குறித்தே அனுப்புங்கள்.

இனி, சான்றிதழ் எங்கே செல்லும் என்பதற்கு வருவோம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில், மணமக்கள் ஒருவர் முன்னிலையில் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தின் துணையை, அதன்பின் தாம்பத்தியம் நிகழ்ந்திருந்தால் ஒழிய, ‘வாழ்க்கைத்துணை’யாக ஏற்பதில்லை. ‘அதன்பின்’ என்பதுதான் இங்கே முக்கியம். ஸூம் கல்யாணத்துக்கு முன் பல ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அது கணக்கில் வராது. அமெரிக்காவில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் இருந்து மணமுடித்தால், பிறகு ஒருவர் பயணம் செய்து மற்றவரோடு தங்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ், ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, அவற்றில் உள்ள தேதி திருமணத் தேதிக்குப் பின்னதா என்று பாருங்கள். எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) விண்ணப்பத்துக்கும் இதே விதி. இருவரும் ஒரே அறையில் அமர்ந்து, அலுவலர் மட்டும் யூட்டாவிலிருந்து பேசினால் இந்தச் சிக்கல் எழாது. கே-1 வருங்காலத் துணை விசா நினைப்பில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஸூம் கல்யாணம் செய்யவே கூடாது. அந்த விசா மணமாகாதவர்களுக்கானது.

கனடாவில் நிலைமை இன்னும் கடுமை. தொலைபேசி, இணையம், பதிலாள் வழியாக, மணமக்களில் ஒருவரோ இருவருமோ நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை 2015 ஜூன் முதல் குடியேற்றத்துக்கு ஏற்பதில்லை. கனடிய ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு உண்டு. டொரொன்டோவிலிருந்து யாழ்ப்பாணத்தில் உள்ள துணையை ஸ்பான்சர் செய்ய நினைக்கும் குடும்பங்கள் இந்தச் சேவையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். நேரில் போய் மணமுடித்துப் பதிவு செய்வதே வழி. ஜெர்மனியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டம்பரில், ஜெர்மனியில் இருந்தபடியே யூட்டா வழியாகச் செய்த கல்யாணம் அங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தது. சம்மதம் ஜெர்மன் மண்ணில் சொல்லப்பட்டதால் திருமணம் நடந்த இடமும் ஜெர்மனியே, ஆகவே ஜெர்மன் பதிவாளர் முன்னால்தான் நடந்திருக்க வேண்டும் என்பது காரணம். இதற்கு நேர்மாறாக இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில், யூட்டா கல்யாணங்களை அந்நாட்டு மக்கள்தொகைப் பதிவேட்டில் பதிந்தே தீர வேண்டும் என்றது.

இந்தியாவில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே நேரில் நடந்த கல்யாணத்தைக் காணொளி வழியே பதிவு செய்வது ஒன்று. கல்யாணத்தையே காணொளியில் நடத்துவது இன்னொன்று. 2021-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அனுமதித்தது முதலாவதை. இரண்டாவதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பிறப்பித்த உத்தரவு. மணமகன் அமெரிக்காவில், மணமகள் கன்னியாகுமரி மாவட்டத்தில். சிறப்புத் திருமணச் சட்டப்படி மூன்று சாட்சிகள் முன் காணொளியில் திருமணத்தை நடத்தி, மணமகனின் அதிகாரப் பத்திரத்தை வைத்திருந்த மணமகளே இருவருக்காகவும் கையெழுத்திடலாம் என்று மணவாளக்குறிச்சி சார்பதிவாளருக்கு உத்தரவு போனது. அது அந்த மனுவுக்குக் கிடைத்த நிவாரணம். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் போய்க் கேட்டவுடன் கிடைக்கும் வசதி என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் மற்ற நிபந்தனைகளும் அப்படியே இருக்கின்றன: ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்புக்குப்பின் 30 நாள் ஆட்சேபக் காலம், அறிவிப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம்.

யூட்டாவில் முடித்துவிட்டுப் பிறகு ஊரில் தாலி கட்டிப் பதிவும் செய்கிறோம் என்பவர்கள் கவனிக்க வேண்டியது: கையில் இரண்டு திருமணத் தேதிகள் வந்துவிடும். விசா படிவத்தில் ஒரு தேதி, இந்தியச் சான்றிதழில் வேறு தேதி என்றால் தூதரகத்தில் கேள்வி வரும். எந்தத் தேதியைச் சட்டப்படியான திருமணமாகக் காட்டுவது என்பதை வழக்கறிஞரோடு முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

காகிதத்துக்கு வருவோம். மின்னஞ்சலில் வரும் டிஜிட்டல் சான்றிதழ் பார்த்துக்கொள்ள உதவும். வெளிநாட்டில் காட்ட, சான்றளிக்கப்பட்ட காகிதப் பிரதியும் அதன்மேல் யூட்டா துணை ஆளுநர் அலுவலகத்தின் அப்போஸ்டிலும் வேண்டும். இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் அந்த முத்திரை போதும். ஆனால் அது ஆவணம் உண்மையானது என்று மட்டுமே சொல்லும், திருமணம் இங்கே செல்லும் என்று சொல்லாது. ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே காட்ட வேண்டுமானால் யூட்டா, வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவுத் துறை, அங்குள்ள அமீரகத் தூதரகம் எனக் கட்டம் கட்டமாகச் சான்றொப்பம் தேவை.

இடைத்தரகர் தளங்கள் இதே வேலைக்குக் கட்டணம் கூட்டி வாங்குகின்றன. அவர்கள் வாங்கித் தருவதும் இதே கவுன்டியின் லைசென்ஸ்தான். படிவம் ஆங்கிலத்தில் இருப்பது மட்டும் தடை என்றால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே நிரப்பிவிடலாம். பிரதிகளை ஒன்றுக்கு இரண்டாக முதலிலேயே கேட்டு வாங்குங்கள். விசா அலுவலகத்தில் ஒன்று மாட்டிக்கொண்டாலும் பாஸ்போர்ட் வேலை நிற்காது.