டர்போ பூஸ்ட் வரலையா? புகை டெஸ்ட், காத்து டெஸ்ட், லாக்: எது முதல்ல?

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் வச்சிருக்கவங்க நம்ம வடசென்னையில இன்னும் இருக்காங்க. 1.8 லிட்டர் பெட்ரோல், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 பிஎச்பி, டர்போ ஏறினதும் அது இழுக்கற இழுப்பு ஓட்டினவங்களுக்குத்தான் தெரியும். அந்த இழுப்பு ஒரு நாள் காணாம போச்சுன்னா கராஜ்ல வர்ற முதல் வார்த்தை "டர்போ போச்சு சார்". தயவுசெஞ்சு உடனே தலையாட்டாதீங்க, பல வண்டில டர்போ நல்லாத்தான் இருக்கும், அது அமுக்கி அனுப்பற காத்து, அதான் பூஸ்ட், வழியிலயே எங்கயோ கசிஞ்சிட்டிருக்கும்.

நிறைய பேர் முதல்ல கேக்கறது புகை டெஸ்ட், காத்து போற பைப்புக்குள்ள புகைய விட்டு எங்க வெளிய வருதுன்னு பாக்கறது. மெஷின் இருக்கற கடைல சீக்கிரம் முடிஞ்சிரும், மேனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்கு காத்த பிரிச்சு விடற குழாய்) அடியில நொறுங்கிப் போன பிரீத்தர் பைப் (இன்ஜின் ஆவிய வெளிய எடுக்கற பைப்), வேக்குவம் ஹோஸ் விரிசல் எல்லாம் அழகா காட்டிக் குடுக்கும். ஐட்லிங் ஏறி இறங்குதுன்னா இதுதான் சரி. ஆனா அந்த மெஷின் தள்ற பிரஷர் 1 பிஎஸ்ஐ கிட்டதான், பூஸ்ட்ல 7, 8 பிஎஸ்ஐ வரும்போது மட்டும் வாய் திறக்கற விரிசல் இதுல மூடியே கிடக்கும், புகை வராது, "லீக் இல்ல சார்"னு எழுதிக் குடுத்துருவாங்க. பூஸ்ட் பிரச்சனைக்கு இத மட்டும் நம்பறது எனக்கு சரியா படல.

காத்தடிச்சு பாக்கறதுக்கு மெஷினே வேணாம். பிளம்பிங் கடைல பிவிசி என்ட் கேப் ஒண்ணு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒண்ணு, கேப்ல ஓட்டை போட்டு வால்வ சொருகி டர்போவுக்கு காத்து போற பைப் வாயில கிளாம்ப் போட்டு இறுக்கிட்டா டெஸ்டர் ரெடி. பஞ்சர் கடை கம்ப்ரஸர்லயே காத்து பிடிக்கலாம், ஆனா கேஜ் பாத்து மெதுவா 10 பிஎஸ்ஐ வரைக்கும் போதும், அதுக்கு முன்னாடி பிரீத்தர் ஹோஸ கழட்டி ரெண்டு பக்கமும் அடைச்சிடுங்க, இல்லன்னா பிரஷர் கிராங்க்கேஸுக்குள்ள, அதாவது இன்ஜினோட அடிப்பெட்டிக்குள்ள போயி ஆயில் சீல தள்ளிரும். அப்புறம் சோப்புத் தண்ணி. இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கற ரேடியேட்டர்) ஹோஸ் முழங்கை மாதிரி வளையற இடத்துல அடிப்பக்கம் விரல் விட்டுத் தடவிப் பாருங்க, ஆயில் பிசுக்குல புழுதி அப்பிக் கருப்பா கோடு கட்டியிருக்கும், அந்த இடத்த லேசா அமுக்கினா நுரை பொங்கும். காசிமேடு, எண்ணூர் பக்கம் நிக்கற வண்டின்னா கிளாம்ப விடாதீங்க, உப்புக்காத்துல திருகு துரு ஏறி, வெளிய பாத்தா இறுக்கமா தெரியும், உள்ள பிடிப்பே இருக்காது.

லாக், அதாவது வண்டி ஓடும்போதே சென்சார் கணக்க லேப்டாப்ல பதியறது, வேற ரகம். விசிடிஎஸ்ங்கற ஸ்கேனர் சாஃப்ட்வேர் கேபிள் போட்டு அதுல 115ஆம் பிளாக்க (அளவுகள் காட்டற பக்கம்) திறந்தா கம்ப்யூட்டர் கேக்கற பூஸ்ட்டும் நெஜமா வர்ற பூஸ்ட்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும். மூணாவது கியர், ஃபுல் த்ராட்டில், காலி ரோடு. கண்டெய்னர் லாரி ஓடற எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல இத செய்யவே செய்யாதீங்க, லேப்டாப்ப பக்கத்து சீட்ல இன்னொருத்தர் பாத்துக்கட்டும். 1600 மில்லிபார் (இது வெளிக்காத்து பிரஷரையும் சேத்த கணக்கு) கேட்டு 1300தான் வருது, பூஸ்ட்ட கட்டுப்படுத்தற என்75 வால்வோட டியூட்டி 90 சதவீதத்துக்கு மேல நிக்குதுன்னா காத்து கசியுது, இல்லன்னா வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் புகைய டர்போவுக்குப் போகாம திருப்பி விடற கதவு) முழுசா மூடல. கேக்கறதே கம்மின்னா கதையே வேற, உள்ள வர்ற காத்த அளக்கற மாஃப் சென்சார் பக்கம் போங்க, 150 பிஎச்பி வண்டிக்கு ஃபுல் த்ராட்டில்ல செகண்டுக்கு 120 கிராம் கிட்ட காத்து காட்டணும்.

லாக் என்ன குறையுதுன்னு சொல்லும், எந்த ஹோஸ்னு சொல்லாது. காத்து டெஸ்ட் இடத்தையே காட்டும், ஆனா வேஸ்ட்கேட் சிக்கியிருந்தா அதுக்குத் தெரியாது. அதனால என் ஓட்டு லாக் முதல்ல, காத்து டெஸ்ட் அடுத்து, புகை கடைசியா.

ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பாக்கறது இருக்கே, அதுல டைவர்ட்டர் வால்வ (ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுக்கும்போது மிச்ச பூஸ்ட்ட திருப்பி விடற வால்வு) மட்டும் ஒத்துக்கலாம், அதையும் கழட்டி உள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரத்த அமுக்கி நிப்பிள விரலால மூடுங்க, விட்டதும் திரும்பி வந்துட்டா கிழிஞ்சிருக்கு. மத்ததெல்லாம் காசுக்குக் கேடு. இதெல்லாம் சுத்தமா இருந்தும் பூஸ்ட் வரலன்னா அப்ப டர்போ இன்லெட் பைப்ப கழட்டி ஷாஃப்ட்ட ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல லேசா ஆடறது சாதாரணம், முன்ன பின்ன ஆடுச்சுன்னா, இல்ல பிளேடு ஹவுசிங்ல உரசின தடம் இருந்துச்சுன்னா மட்டும் டர்போவுக்கு விலை கேளுங்க.